‘வீடு ரொம்ப உள்ளே கெடக்கு’: குமரி கிராமங்களின் இணைய வேகமும் கம்பியின் நீளமும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் உட்பகுதிகளில் வீட்டு இணையம் மந்தமாக இருக்கிறது என்று புகார் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: “வீடு ரொம்ப உள்ளே கெடக்குல்லா, அதான் ஸ்பீடு வரமாட்டேங்கு.” பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, தொலைபேசிக்காகப் போட்ட தாமிரக் கம்பியிலேயே இணையமும் வந்துகொண்டிருந்த காலத்தில், இந்தப் பதிலில் உண்மை இருந்தது. அதே வீட்டுக்குக் கண்ணாடி இழை (ஃபைபர்) வந்துவிட்ட பின்பும் அதே பதில் மாறாமல் சொல்லப்படுகிறது, கேட்பவரும் ஒப்புக்கொண்டுவிடுகிறார். தாமிரத்தில் தூரம் செய்யும் வேலை வேறு, இழையில் தூரம் செய்யும் வேலை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால், உண்மையில் சரிசெய்யக்கூடிய பழுதுகள் பல, சரிசெய்யவே முடியாத தலைவிதிபோல ஏற்றுக்கொள்ளப்படுகின்றன.

தாமிரத்திலிருந்து தொடங்கலாம். தொலைபேசியில் நாம் பேசும் குரலுக்கு ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை போதும். ஏ.டி.எஸ்.எல். என்ற நுட்பம் அதே கம்பியில் குரலுக்கு மேலே உள்ள அலைவரிசைகளைப் பயன்படுத்தித் தரவை அனுப்பியது. அதன் மேம்பட்ட வடிவமான ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ், 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறி, அந்தப் பரப்பை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலம் கொண்ட 512 சிறு தடங்களாகப் பிரித்துக்கொள்கிறது. மோடம் இணைப்பை ஏற்படுத்தும்போது ஒவ்வொரு தடத்திலும் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது, எவ்வளவு சமிக்ஞை மிஞ்சி வந்து சேர்கிறது என்று சோதித்து, அதற்கேற்ப அந்தத் தடத்தில் ஏற்றும் பிட்டுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. கம்பி நீள நீள, உயர்ந்த அலைவரிசைகள்தான் முதலில் தேய்ந்து போகின்றன. அதனால் தூரத்து வீட்டின் மோடம் மேல்தடங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, கீழே மிஞ்சியிருக்கும் சில தடங்களை மட்டும் வைத்துக் காலம் தள்ளுகிறது. இணைப்பு இருக்கும், விளக்கும் எரியும், ஆனால் வேகம் இருக்காது.

நம் ஊர்களில் பரவலாகப் பயன்பட்ட மெல்லிய தாமிர இணையில், ஏ.டி.எஸ்.எல். சமிக்ஞை கிலோமீட்டருக்குச் சுமார் 13 முதல் 14 டெசிபல் வரை தேய்கிறது. ஒவ்வொரு 10 டெசிபலும் பத்தில் ஒரு பங்காகக் குறைவதைக் குறிக்கும் என்பதால், மூன்று கிலோமீட்டர் கடந்த பிறகு அனுப்பிய ஆற்றலில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வந்து சேரும். தொலைபேசி நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த வீட்டில் விநாடிக்கு 20 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கக்கூடிய இதே நுட்பம், ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டில் ஒன்று அல்லது இரண்டு மெகாபிட்டோடு நின்றுவிடுவது இதனால்தான். அந்த ஒன்றிரண்டும் அன்றைய சட்டத்தின் பார்வையில் அகலப்பாட்டைதான் (பிராட்பேண்ட்): 2004-ஆம் ஆண்டின் கொள்கை விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே போதும் என்றது, 2013-இல் அது 512 கிலோபிட் ஆனது, 2 மெகாபிட் என்ற வரையறை வருவதற்கு 2023-ஆம் ஆண்டு ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரிட்டன் போன்ற நாடுகளில் இதே சிக்கலைப் பேசுபவர்கள், தெருவோரத்தில் நிற்கும் இணைப்புப் பெட்டியிலிருந்து தங்கள் வீடு எவ்வளவு தூரம் என்றுதான் கணக்குப் போடுவார்கள். அங்கே 2010-ஐ ஒட்டி, தொலைபேசி நிலையத்திலிருந்து தெருப்பெட்டி வரை இழையைக் கொண்டுவந்து, பெட்டிக்குள் மின்னணுக் கருவியை வைத்து, பெட்டியிலிருந்து வீடு வரை மட்டும் பழைய தாமிரத்தை விட்டுவைத்தார்கள். வி.டி.எஸ்.எல். 2 என்ற அந்த நுட்பம் இன்னும் உயரமான அலைவரிசைகளுக்குப் போவதால், பெட்டிக்குச் சில நூறு மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்கு 80 மெகாபிட் வரை கிடைக்கும். ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய நுட்பத்தைவிடப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. சிற்றூர்களில் தெருப்பெட்டி ஊர் நடுவில் நிற்க, பண்ணை வீடுகள் வெகுதொலைவில் இருப்பதே அங்குள்ளவர்களின் நெடுநாள் மனக்குறை.

நம் மாவட்டத்தில் நிலைமை வேறு. சாலையோரத்தில் நின்ற ‘பில்லர்’ என்ற தகரப்பெட்டிக்குள் பொதுவாக மின்னணுக் கருவி எதுவும் கிடையாது. நிலையத்திலிருந்து வரும் தடித்த நிலத்தடிக் கேபிளின் இணைகளை, ஊருக்குள் போகும் சிறிய கேபிள்களோடு கோத்துவிடும் இடம் மட்டுமே அது. அங்கிருந்து கம்பத்தில் இருக்கும் ‘டி.பி.’ பெட்டிக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் கம்பி போகும். இணையத்தைப் புகுத்தும் கருவி பெரும்பாலும் தொலைபேசி நிலையத்துக்குள்ளேயே இருந்தது. சில இடங்களில் பின்னாளில் சிறிய கருவிகளை ஊருக்குள் கொண்டுபோய் வைத்தார்கள் என்றாலும், பொது அமைப்பு நிலையத்தை மையமாகக் கொண்டதுதான். ஆகவே பெட்டி வீட்டு வாசலிலேயே நின்றாலும் பயனில்லை; நிலையத்திலிருந்து வீடு வரை கம்பி போன மொத்த நீளமே வேகத்தைத் தீர்மானித்தது.

இந்த நீளம் வரைபடத்தில் தெரியும் நீளம் அல்ல என்பதைக் குமரியின் மேற்குப் பகுதியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஊர்களில் தஞ்சாவூர்ப் பக்கம்போல வீடுகள் தெருவாகச் சேர்ந்திருப்பதில்லை; ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள், தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவில், தனித்தனியாக இருக்கிறது. சாலையிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையும், குறுக்கே ஓடும் சானலும், அதைக் கடக்கப் பாலம் இருக்கும் இடமும்தான் கேபிளின் வழியை முடிவுசெய்கின்றன. நிலையத்தின் கோபுரம் மாடியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒரு வீட்டுக்கு, நேர்க்கோட்டில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாதிருக்க, கம்பி மட்டும் சாலையோடு போய், சந்திப்பில் திரும்பி, பாலத்தைத் தாண்டி, மறுகரை வழியாகத் திரும்பி வந்து இரண்டரை கிலோமீட்டர் ஆகிவிடும். அதிலும் ஜாயின்ட்டுகளில் நீர் இறங்கினால் கணக்கு இன்னும் மோசமாகும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. துருப்பிடித்த ஒரு முறுக்கு இணைப்பு பல நூறு மீட்டர் கூடுதல் கம்பிக்குச் சமமான சேதத்தைச் செய்துவிடும். கடலோரத்தில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள மீனவ ஊர்களில் வீடுகள் நெருக்கமாக இருப்பதால் கம்பி நீளம் குறைவுதான் என்றாலும், உப்புக்காற்று அந்த வசதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

இப்போது இழைக்கு வருவோம். கண்ணாடி இழையில் ஒளி கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் அளவுக்கே தேய்கிறது. சில அலைநீளங்களில் அதைவிடவும் குறைவு. தாமிரத்தில் மூன்று கிலோமீட்டரில் 40 டெசிபலை இழந்த இடத்தில், இழையில் இழப்பது ஒரு டெசிபல் மட்டுமே. அதாவது அனுப்பிய ஒளியில் ஐந்தில் நான்கு பங்கு வந்து சேர்ந்துவிடுகிறது. வீடுகளுக்கான இழை இணைப்பில் பெரும்பாலும் பயன்படும் ஜிபான் முறை, ஒளியை அனுப்பும் நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் வரை வேலை செய்வதற்காக வடிவமைக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கும் பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கும் இதில் வேக வேறுபாடு கிடையாது. ஒளியின் அளவு ஒரு வரம்புக்கு மேல் இருக்கும்வரை முழு வேகம். வரம்புக்குக் கீழே இறங்கினால் பிழைகள் பெருகி, கொஞ்ச நேரத்திலேயே, இழை வந்து முடியும் வீட்டுக் கருவியான ஓ.என்.டி. பெட்டியில் ‘லாஸ்’ என்ற சிவப்பு விளக்கு எரிந்து, இணைப்பே அறுந்துவிடும். தாமிரத்தில் நடப்பதுபோல நூறு எண்பதாகி, எண்பது முப்பதாகிப் படிப்படியாகத் தேய்வது இங்கே இல்லை.

கணக்காகவே பார்த்துவிடலாம். அனுப்பும் முனையான ஓ.எல்.டி. கருவியிலிருந்து +3 டிபிஎம் அளவில் ஒளி புறப்படுகிறது என்று கொள்வோம் (டிபிஎம் என்பது ஒளியின் ஆற்றலை டெசிபல் கணக்கில் சொல்லும் அலகு; எண் கீழே இறங்க இறங்க ஒளி குறைவு). எட்டுக் கிலோமீட்டர் இழையில் 2.8 டெசிபல் போகும். ஒரே இழையை 32 வீடுகளுக்குப் பகிரும் பிரிப்பானில் சுமார் 17.5 டெசிபல் போகும். ஒட்டுகளிலும் செருகிகளிலும் இரண்டு டெசிபல் என்று வைத்தால், வீட்டில் வந்து சேர்வது ஏறத்தாழ -19 டிபிஎம். பொதுவான ஓ.என்.டி. ஒன்று -27 டிபிஎம் வரை தாங்கும். எனவே இந்த வீட்டுக்கு இன்னும் நிறைய இடம் மிச்சமிருக்கிறது. பிரிப்பான் ஒன்று மட்டும் விழுங்கும் ஒளி, ஐம்பது கிலோமீட்டர் இழை விழுங்கும் ஒளிக்குச் சமம் என்பதையும், மோசமாகப் போட்ட ஒரே ஓர் ஒட்டு மூன்று டெசிபலைத் தின்றால் அது எட்டுக் கிலோமீட்டருக்கும் மேலான இழைக்குச் சமம் என்பதையும் பார்த்த பிறகு, “உங்க வீடு தூரம்” என்ற விளக்கத்தை எப்படி ஏற்பது? சுவரில் அடித்த ஆணியில் இறுக்கமாக மடக்கிக் கட்டிய வளைவு, ஊருக்கு ஊர் இருக்கும் தூரத்தைவிட அதிக ஒளியைச் சிந்திவிடும்.

ஆனால் ஒரு வகையில் தூரம் இழைக்குள்ளும் மறைந்திருந்து வேலை செய்கிறது. உள்ளூர் கேபிள் டிவி வழித்தடங்களிலிருந்து வளர்ந்த பல இணைப்புகளில், ஒரே இடத்தில் சமமாகப் பிரிக்கும் பிரிப்பானுக்குப் பதிலாக, வழி நெடுகச் சமமில்லாத ‘கப்ளர்’களைப் போட்டு, பத்து விழுக்காட்டை இங்கே எடு, மிச்சத்தை அடுத்த கம்பத்துக்கு அனுப்பு என்ற முறையில் ஒளியைப் பங்கிடுவது உண்டு. வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊரில் இழையை மிச்சப்படுத்த இது வசதியான வழிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் வருவதுபோலத்தான் கடைசி வீட்டுக்கு ஒளி வரும். வரிசையில் முன்னால் புதிதாக ஒரு வீட்டைச் சேர்க்கும்போதும், அறுந்த கேபிளை அவசரமாக ஒட்டும்போதும் முதலில் அடிபடுவது அந்தக் கடைசி வீடு. அங்கே குறைவது கிலோமீட்டரால் அல்ல, வரிசையில் நிற்கும் இடத்தால்.

கேபிள் அறுவது இங்கே அபூர்வமும் அல்ல. சாலை விரிவாக்கத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் ஜேசிபி தோண்டும் இடங்களில் நிலத்தடிக் கேபிள் அறும். கம்பங்களில் போகும் கேபிளின் மேல் ரப்பர் மரக்கிளை ஒடிந்து விழும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கரையோரத்தைத் தொட்டுச் சென்றபோது மின்கம்பங்களும் ரப்பர் மரங்களும் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்ததை மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளின் பெரிய அறுப்புகள் கண்ணுக்குத் தெரிவதால் சீராக்கப்பட்டுவிடுகின்றன. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் நடக்கும் சின்னச் சின்ன அறுப்புகளில்தான் சிக்கல் சேர்கிறது. ஸ்பிளைசிங் இயந்திரத்தால் உருக்கி ஒட்டும்போது 0.1 டெசிபலுக்குள் முடிய வேண்டிய ஒட்டு, மழை தூறிக்கொண்டிருக்கும்போது ஏணியில் நின்றபடி, சரியாகத் துடைக்காமலும் நேராக வெட்டாமலும் போடப்படும்போது பல மடங்கு இழப்பைத் தருகிறது. ஐந்தாறு பருவங்களில் இப்படி நாலைந்து ஒட்டுகள் சேர்ந்துவிட்டால், முன்பு -19 இருந்த இடத்தில் -26 வந்து நிற்கும். வெயிலில் ஓடுகிற இணைப்பு மழைக்கு விட்டுவிட்டுப் போவது இந்த நிலையில்தான்.

ஒளி போதுமான அளவில் இருந்தும் வேகம் இல்லையென்றால் காரணத்தை வேறு இரண்டு இடங்களில் தேட வேண்டும். முதலாவது பகிர்வு. ஜிபானில் ஓர் இழை வழியாக வருவது மொத்தம் விநாடிக்கு 2.5 கிகாபிட், அதை 32 வீடுகள் ஒரே நேரத்தில் முழுவதுமாக இழுத்தால் ஒரு வீட்டுக்கு 78 மெகாபிட், 64 வீடுகள் என்றால் அதில் பாதி. எல்லோரும் ஒரே விநாடியில் இழுப்பதில்லை என்பதால் இது பொதுவாகத் தாங்கும். தாங்காத இடம் இதற்கும் மேலே இருக்கிறது: பல நூறு வீடுகளின் இணைப்பைச் சேர்த்து வைத்திருக்கும் ஓ.எல்.டி. கருவியிலிருந்து வெளியுலகுக்குப் போகும் தடம் ஒரே ஒரு கிகாபிட்டாக இருந்தால், இரவு எட்டு மணிக்கு மேல் ஊரே படம் பார்க்கத் தொடங்கும்போது அது அடைபடும். காலை ஆறு மணிக்கு நூறும் இரவு ஒன்பதுக்குப் பன்னிரண்டும் காட்டும் இணைப்பில் கம்பியின் மேல் பழி போடுவதற்கு எதுவுமே இல்லை. கம்பியின் நீளம் இரவில் கூடுவதில்லை. சென்னை வரைக்குமான தூரம்கூட இதில் பொருட்டல்ல. இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு எழுநூறு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஆகும் பயண நேரம் ஏழு மில்லிவிநாடிதான்.

இரண்டாவது, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கேபிள் வீட்டின் முகப்பில் வந்து நுழைவதால் ஓ.என்.டி. பெட்டியைப் பெரும்பாலும் சிட்அவுட்டை ஒட்டிய அறையிலேயே மாட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டு வருமானத்தில் கட்டிய இரண்டு மாடிக் கான்கிரீட் வீட்டில், பின்பக்க மாடியறையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அந்த வைஃபை எட்டுவதற்குள் இரண்டு மூன்று சுவர்களும் ஒரு தளமும் குறுக்கே வந்துவிடுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் தேயும். நிலையத்திலிருந்து வந்த எட்டுக் கிலோமீட்டரில் கெடாத வேகம் வீட்டுக்குள் எட்டு மீட்டரில் கெடுகிறது. 150 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு, நூறு மெகாபிட்டுக்கு மேல் தாங்காத பழைய லேன் துளையில் கணினியைச் செருகி, 94-க்கு மேல் ஏறவில்லை என்று வருந்துபவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் இழை வந்து சேர்ந்த வீடுகளைப் பற்றி. வராத வீடுகளின் நிலையைப் புரிந்துகொள்ள மாவட்டத்தின் நிர்வாக வரைபடத்தைப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள். குலசேகரத்தைத் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் பேருந்தில் போகிறவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். குலசேகரம், பொன்மனை, கடையால், அருமனை ஆகியவை சட்டப்படி பேரூராட்சிகள் என்பதே விளக்கம். ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகள் கொண்ட இந்த மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் நூறுகூட இல்லை. 2011-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்துப் பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்ற திட்டமோ கிராம ஊராட்சிகளை அலகாகக் கொண்டது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுபோகும் அதன் பணிகளை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 மார்ச்சில் இதே மாவட்டத்தின் முத்தலக்குறிச்சியில்தான் தொடங்கிவைத்தார். முத்தலக்குறிச்சி ஊராட்சி என்பதால் பட்டியலில் இருக்கிறது; அதைப் போலவே தென்னையும் வாழையும் நிறைந்த பக்கத்துப் பேரூராட்சி வார்டு பட்டியலில் இல்லை. தாளில் நகரமாகவும் தரையில் கிராமமாகவும் இருக்கும் இந்தப் பகுதிகளுக்கு இழை போய்ச் சேர்வது, வணிகக் கணக்கு ஒத்துவருகிறதா என்பதைப் பொறுத்தே நடக்கிறது.

அந்த வணிகக் கணக்கில்தான் தூரம் மீண்டும் தலைகாட்டுகிறது. வீடுகள் நெருங்கியிருக்கும் கடலோர ஊரில் நூறு மீட்டர் இழையில் இருபது வீடுகளைத் தொட்டுவிடலாம்; விளைகளுக்கு நடுவே ஒரு வீட்டுக்காக மட்டும் முந்நூறு மீட்டர் இழுக்க வேண்டியிருக்கும், இடையில் கம்பமும் இருக்காது. ஊராட்சி அலுவலகம் வரை அரசு இழை வந்துவிட்டாலும், அங்கிருந்து வீடு வரையிலான அந்தக் கடைசித் துண்டை யார் போடுவது, அறுந்தால் யார் ஒட்டுவது என்பதில்தான் வேகம் கிடைப்பதும் கிடைக்காததும் தங்கியிருக்கிறது. பேச்சிப்பாறை அணைக்கு அப்பாலுள்ள காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளிலும் கோதையாற்று மலைப்பகுதியிலும் இதோடு காட்டுக்குள் கம்பம் நடுவதற்கான வனத்துறை அனுமதியும் சேர்ந்துகொள்கிறது. அங்கே கோபுரம் வழியாக வரும் கம்பியில்லா இணைப்பே நடைமுறை வழி. அதற்கும் இடையில் மலை மறைக்காதிருக்க வேண்டும்.

இழை வந்துவிட்ட வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியது அதிகம் சிரமமில்லாதது. கணினியை வைஃபை இல்லாமல் லேன் கம்பியில் நேரடியாக இணைத்து, அதிகாலையிலும் இரவு ஒன்பது மணிவாக்கிலும் வேகத்தை அளந்து பார்க்க வேண்டும். இரண்டு நேரமும் சரியாக இருந்தால் குறை வீட்டு வைஃபையில் இருக்கிறது. இரவில் மட்டும் விழுந்தால், ஓ.எல்.டி. கருவியிலிருந்து வெளியுலகுக்குப் போகும் தடத்தின் நெரிசல். அதற்கு ஊழியரை வீட்டுக்கு வரவழைப்பதில் பயனில்லை, எத்தனை வீடுகள் எந்த அளவுத் தடத்தைப் பகிர்கின்றன என்பதையே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டு நேரமும் மோசமாக இருந்தாலோ, மழைக்கு அறுந்து அறுந்து வந்தாலோ, ஒளியின் அளவைக் கேட்க வேண்டும். ஓ.என்.டி. கருவியின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆர்.எக்ஸ். பவர்’ என்ற இடத்தில் அந்த எண் இருக்கும். வருகிற ஊழியரிடமும் அதை அளக்கும் கைக்கருவி இருக்கும். புகாருக்கு எண் கொடுப்பதும், தீர்வு கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுக வழிவிடுவதும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளின்படி நிறுவனங்களின் கடமை. ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் எழுதிய புகாரைவிட, ‘இணைப்புக் கொடுத்த அன்று -19, இன்று -26’ என்று எழுதிய புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம். அதற்கு முதல் எண் கையில் இருந்தாக வேண்டும். புதிய இணைப்பு வாங்குபவர்கள் ஊழியர் ஏணியை மடக்குவதற்கு முன்பே அந்த அளவைக் கேட்டு, தேதியோடு ஓ.என்.டி. பெட்டியின் அடிப்பக்கத்தில் பேனாவால் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.